கத்தரிக்காய் இல்லாத பை

கேத்தரினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சாப்பிடுவார்கள், எதை ஒதுக்குவார்கள் என்பதை மறக்கவே மாட்டாள். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தியம்மாள் பாகற்காயை இலை ஓரத்தில் தள்ளி வைத்ததை, அந்தச் சம்பந்தமே முறிந்துபோன பிறகு எனக்கு நினைவுபடுத்தியவள் அவள். "அப்பவே நெனச்சேன் தங்கமணி, அந்தம்மாவுக்குக் கசப்பு ஆகாதுனு" என்றாள். வந்த ஆத்திரத்துக்கு இரண்டு வாரம் அவளோடு நான் பேசவில்லை.

அந்தப் பழக்கத்தால்தான் கிள்ளானில் கொஞ்சம் பேர் மானத்தோடு சாப்பிட்டார்கள். அதே பழக்கத்தால்தான் ஒரு பெண்ணும் அவள் குழந்தையும் பிடிபடப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் கேத்தரினைப் பற்றிச் சொன்னதாகாது.

நான் கீரைக்காரி. காப்பார் பக்கம், பெரிய மின்சாரக் கம்பிகள் போகிற பாதைக்குக் கீழே எனக்குக் கொஞ்சம் தோட்டம். சனிக்கிழமைதோறும் கிள்ளான் பாசார் தானியில் கூடாரம் போட்டுக் கடை வைப்பேன். விவசாயிகளே கொண்டுவந்து விற்கிற சந்தை என்று பெயர். பாதிப் பேர் மொத்த மார்க்கெட்டில் எடுத்துவந்து விற்கிறவர்கள்தான், அதை விடுங்கள். என் கீரை என் மண்ணில் முளைத்தது.

கேத்தரின் செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவள். அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். அவள் வேலை பார்த்தது ஓர் ஆஸ்பத்திரியின் சமையலறையில். நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அனுப்புகிற வேலை. இவருக்கு உப்பில்லாமல், அவருக்குச் சர்க்கரை இல்லாமல், பல் போனவருக்குக் குழைத்து, அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும். தட்டு மாறினால் ஆளே போய்விடலாம். தன் காலத்தில் ஒரு தட்டுகூட மாறிப் போனதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை. சம்பளம் உயர்ந்ததைக்கூட அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு எது பிடிக்கும்னு எவனும் ஞாபகம் வச்சிக்கல லா" என்று சிரிப்பாள். தம்பி கிரிகரியோடு இருக்கிறாள். அவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்ந்தவர். எனக்கும் கேத்தரினுக்கும் ஒரே வயது. அதனால் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

கோவிட் அடைப்புக் காலத்தில், சோற்றுக்கு வழியில்லாதவர்கள் ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். உதவி செய்ய நிறையப் பேர் வந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. வந்தவர்களில் பலர் அரிசி மூட்டையோடு கேமராவையும் கொண்டு வந்தார்கள். மூட்டையின் ஒரு முனையைக் கொடுக்கிறவர் பிடித்திருப்பார், மறு முனையை வாங்குகிறவர் பிடித்திருப்பார், நடுவில் பேனர். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கேத்தரினுக்கு வயிறு எரிந்தது. "பசிச்ச மூஞ்சிய எதுக்கு ஊருக்குக் காட்டணும்?" என்று என் கடை முன்னால் நின்று கத்தினாள். அப்படிக் கத்தியவள் சும்மா இருக்கவில்லை. பாசாரிலேயே ஓர் ஏற்பாடு செய்தாள்.

ஏற்பாடு இதுதான். பாசாருக்கு வருகிற வசதியானவர்கள் தங்களுக்கு வாங்கும்போது இன்னொரு பைக்கும் சேர்த்து வாங்குவார்கள். கடைக்காரர்கள் நாங்கள் விற்காமல் மிஞ்சுவதில் நல்லதைச் சேர்ப்போம். கேத்தரின் அதையெல்லாம் வீடு வீடாகப் பிரித்துப் பை கட்டுவாள். பைகள் என் மேசைக்கு அடியில் இருக்கும். வாங்க வருகிறவர் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே வந்து, நின்று, பார்த்து, என்னிடம் பேரம் பேசிவிட்டுப் பையை எடுத்துப் போக வேண்டும். பேரம் கட்டாயம். பக்கத்தில் நிற்பவருக்கு இது இனாம் என்று தெரியவே கூடாது. பெயர், ஊர், ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

பேரம் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்தக் கர்மத்தை இனாமுக்கும் கேட்க வேண்டும் என்று என் தலையில் கட்டினாள். பண்டமாரான் ஃபிளாட்டில் தனியாக இருக்கும் பக்கிரிசாமி அண்ணன்தான் மோசம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு காசு கொடுக்கப் போவதில்லை, ஆனால் கீரை வாடியிருக்கிறது என்பார், வெண்டைக்காய் முற்றல் என்பார், இன்னும் இரண்டு கத்தரிக்காய் போடு என்பார். கத்தரிக்காய் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. "வேணும்னா எடுங்க, இல்லனா நடையக் கட்டுங்க" என்று நான் கத்துவேன். பக்கத்துக் கடைக்காரி உண்மைச் சண்டை என்று நினைத்து விலக்க வருவாள். அண்ணன் ஜெயித்த முகத்தோடு பையை வாங்கிப் போவார்.

அவர் பையில் கத்தரிக்காய். சர்க்கரை நோய்க்கார அம்மாவின் பையில் கிழங்கு கிடையாது. மாடியில் அடுப்பு இல்லாமல் இருக்கும் குடும்பத்துக்குப் பச்சையாகச் சாப்பிடுகிற வெள்ளரி, தக்காளி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று ஒருமுறை சொன்னேன். "நான் ஆட்டுக்கா தழ போடறேன்?" என்று முறைத்தாள்.

அப்படி வந்தவள்தான் கௌசலா. முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் சர்க்கார் வேலைக்கு வந்தவர்கள். சிரம்பான் பக்கம் வளர்ந்தவள். கூடவே ராஜினி என்று ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூடம் போகிற வயதுதான், ஆனால் போகவில்லை. கௌசலாவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பையை அந்தக் கையில் வாங்கினால் நழுவும். இரண்டாவது முறை நழுவியபோது நான் அந்த விரல்களைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"விழுந்துட்டியாம்மா?" என்றேன்.

"கதவுல மாட்டிக்கிச்சு அக்கா" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, "அவர் சாத்தினாரு" என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவர் அடித்த தடம் வெளியே தெரியாதாம். குடிக்க மாட்டாராம். "சத்தமே போட மாட்டாரு அக்கா. அன்னிக்குக் கதவ சாத்தறப்பகூட மெதுவாத்தான் பேசிட்டு இருந்தாரு." ஒரு மத்தியானம் குழந்தையோடு பஸ் ஏறிவிட்டாள். மேரு ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அறை பிடித்துக் கொடுத்தது கேத்தரின். எந்தக் கடை என்று என்னிடம்கூட அப்போது சொல்லவில்லை.

இதில் நாங்கள் எல்லாருமே செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. கௌசலா 'அவர்', 'அவர்' என்றுதான் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. ஒரு பெண் அப்படிச் சொல்லும்போது பெயரைக் கிளறிக் கேட்பது அநாகரிகம் என்று எங்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது. எதையும் கேட்கக் கூடாது என்ற கேத்தரினின் சட்டமும் சேர்ந்துகொண்டது. படம் ஒன்றும் அவளிடம் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள். ஆகவே யாரிடமிருந்து அவளை ஒளித்து வைத்திருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது.

கௌசலாவின் பைக்குக் கேத்தரின் தனியாக அலைவாள். ராஜினிக்குக் கத்தரிக்காய் ஆகாது, தின்றால் உதடும் வாயும் வீங்கிவிடும். ஆகவே ஒரு பிஞ்சுகூட இருக்கக் கூடாது. கௌசலாவுக்கு வல்லாரைச் சம்பல் இருந்தால் போதும், மலாய்க்காரர்கள் பெகாகா என்கிறார்களே, அந்தக் கீரைதான். என் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் அது கொட்டிக் கிடக்கிறது. இராசவள்ளிக் கிழங்கில் கூழ் காய்ச்சினால் குழந்தை இரண்டு கிண்ணம் குடிக்கும். அந்தக் கத்தரிப்பூ நிறக் கிழங்கை எங்கள் பக்கத்து ஆட்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேத்தரின் பாசார் முழுக்கத் தேடி ஒரு துண்டாவது கொண்டுவந்து போடுவாள். "வல்லாரை இருக்கா அக்கா?" என்று கௌசலா எனக்கு வாட்சப்பில் கேட்பாள். அப்படித்தான் அவள் நம்பர் என்னிடம் வந்தது.

கிரிகரிக்குக் கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சை முடிகிறவரை வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, வண்டி ஓட்ட ஆள் இல்லாமல் போனது. நடக்க முடியாதவர்களுக்குப் பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. கேத்தரின் பாசாரில் தெரிந்தவர்களிடமெல்லாம் ஆள் கேட்டாள். அடுத்த சனிக்கிழமையே ஒருவன் வந்தான். வெள்ளை வேன், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பெயர் காந்தன் என்றான். ஏர்கோன் ரிப்பேர் வேலை, சனிக்கிழமை லீவு, ஏதாவது புண்ணியம் செய்யலாமே என்று வந்தேன் என்றான்.

நல்ல வேலைக்காரன். யாரும் சொல்லாமலே கூடாரக் கம்பியை மடித்து வைப்பான், கூடைகளைக் கழுவிக் கவிழ்ப்பான், கிழவிகளுக்குக் கை கொடுத்து வடிகாலைத் தாண்டிவிடுவான். எல்லாருக்கும் அவனைப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் பேசினால் குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும், அவ்வளவு மெதுவாகப் பேசுவான். பைகளை வேனில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவான். "கொட்டிடக் கூடாதுல்ல அக்கா" என்பான். அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது, கத்தியால்தான் அறுக்க வேண்டும் என்று வாங்கினவர்கள் சொன்னார்கள். ஒரு வாய் சாப்பிட மாட்டான், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால்கூடத் தொட மாட்டான்.

ஒருநாள் கேத்தரின் அவனைப் பாராட்டினாள். அதற்கு அவன் சொன்னான். "கையில காசு இல்லாதவங்க எங்க போய் ஒளிஞ்சாலும் சாப்பாட்டுக்கு வெளிய வந்துதானே ஆகணும் ஆன்டி. பாவம்."

கேத்தரின் உருகிப்போனாள். எனக்கு 'ஒளிஞ்சாலும்' என்ற சொல் பல்லில் மாட்டிய நார்போல உறுத்தியது. கேத்தரினிடம் சொன்னேன். "ஒனக்கு ஆம்பளைங்க யாரையுமே பிடிக்காது தங்கமணி" என்று என் வாயை அடைத்துவிட்டாள். அது உண்மைதான் என்பதால் நானும் அடங்கிவிட்டேன்.

அவன் பைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு, பாசார் கலைகிற நேரத்தில்தான் கௌசலா வருவாள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வருவது அவள் வழக்கம். என் மேசைக்கு முன்னால் ஒரு சிவப்பு ஸ்டூல் கிடக்கும். அவன் அதில் உட்கார்ந்துதான் முடிச்சுப் போடுவான். அவன் எழுந்து போன அரை மணி நேரத்தில் அதே ஸ்டூலில் ராஜினி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். எத்தனை வாரம் அப்படி நடந்தது என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை கௌசலா கேத்தரினுக்குப் போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல், வரவில்லை என்றாள். தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள் கேத்தரின். பாசார் கலைகிற நேரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் புறப்பட, மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் மழைதான் தெரியுமே, எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. காந்தன் அன்றைக்குச் சீக்கிரம் கொடுத்து முடித்துவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பி வந்திருந்தான்.

"எங்க ஆன்டி போறீங்க இந்த மழையில? ஏறுங்க, விட்டுடறேன்."

"மேரு ரோட்டுப் பக்கம்பா. ரோட்டோரம் எறக்கிவிட்டாப் போதும்."

அவள் பையைத் தூக்கிக் கொடுக்க, அவன் வாங்கினான். வாய் கட்டாத பை. வல்லாரை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கையை உள்ளே விட்டுத் துழாவி, இராசவள்ளிக் கிழங்கை எடுத்துப் பார்த்தான். மழைச் சத்தத்தில் அவன் சொன்னது சரியாக என் காதில் விழுந்ததற்குக் காரணம், அவன் முதல் தடவையாகக் கொஞ்சம் சத்தமாகப் பேசியதுதான்.

"கத்தரிக்காய் போடலயா ஆன்டி? நல்லது. பிள்ளைக்கு வாயெல்லாம் வீங்கிடும்."

கேத்தரின் சிரித்துக்கொண்டே, "எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்காதுப்பா" என்று வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவளுக்கு அது சாதாரணப் பேச்சு. வேன் போய்விட்டது.

நான் மீதிக் கீரையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளை? அந்தப் பையை வாங்குகிற வீட்டில் பிள்ளை இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை என்றால்கூடப் போகட்டும், வாய் வீங்கும் என்று எப்படித் தெரியும்? கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகப் பேசுவார் என்று கௌசலா சொன்னது நினைவுக்கு வந்தது. பிறகு எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

போனை எடுத்தேன். ஆனால் கேத்தரினுக்கு ஒரு காது மந்தம். போனில் சத்தத்தை முழுக்க வைத்திருப்பாள், பக்கத்தில் இருக்கிறவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். இவன்தான் அவன் என்று எப்படிச் சொல்வது? மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அவள் எடுத்துவிட்டாள்.

"கேத்தரின், பை மாறிப்போச்சு" என்றேன். "நீ எடுத்துட்டுப் போனது பக்கிரிசாமி அண்ணன் பை. அவரு இன்னிக்குக் கடைக்கு வரல, வீட்டுல கொண்டு குடு."

வைப்பர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வல்லாரை வைத்த பை அவள் கையால் நிரப்பியது. அது யாருடையது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்நாளில் ஒரு தட்டு மாறியதில்லை என்று பீற்றிக்கொள்கிறவளிடம் பை மாறிவிட்டது என்று சொன்னால், நான் பைத்தியமாகியிருக்க வேண்டும், அல்லது வேறு ஏதோ இருக்க வேண்டும். என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

"அப்படியா?" என்றாள் கடைசியில். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "என் கண்ணும் அவிஞ்சிடுச்சு போல லா. சரி, பண்டமாரானுக்கே போறேன்." வைத்துவிட்டாள்.

உடனே கௌசலாவைக் கூப்பிட்டேன். "காந்தன்னு ஒருத்தன், வெள்ள வேன் வச்சிருக்கான்" என்று ஆரம்பித்தேன். அவள் நடுவில் நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மெதுவாப் பேசுவாரா அக்கா?"

"ஆமா."

"கேத்தரின் ஆன்டி எங்க?"

"அவனோட வேன்ல."

கடையின் பெயரையும் பின்சந்தையும் சொன்னாள். சாமான்களையும் கூடாரத்தையும் அப்படியே போட்டுவிட்டு என் லோரியை எடுத்தேன். மேரு ரோட்டுச் சிக்னலில் நிற்கும்போது, எதிர்ப்பக்கத்தில் அந்த வெள்ளை வேன் திரும்பிப் பண்டமாரான் பக்கம் போவதைப் பார்த்தேன். முன் சீட்டில் கேத்தரின், மடியில் பை, நேராகப் பார்த்தபடி. அவளுக்கு அப்போது எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பின்சந்தில் கௌசலா குழந்தையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு துணிப் பையோடு மழையில் நின்றாள். லோரியில் ஏறியதும் சீட்டுக்குக் கீழே குழந்தையோடு உட்கார்ந்துகொண்டாள். நான் மேலே உட்காரச் சொல்லவில்லை. காய்ச்சலில் குழந்தை, "வல்லாரை அக்காவா?" என்று கேட்டது. "ஆமாம் கண்ணு" என்றேன்.

பண்டமாரானில் நடந்ததைக் கேத்தரின் பிறகு சொன்னாள். ஃபிளாட் வாசலில் இறக்கிவிட்டால் போதும் என்றாளாம். அவன் கேட்கவில்லை. "மாடி ஏறணும், நான் தூக்கறேன் ஆன்டி" என்று பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினான். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு படியிலும் அவன் செருப்புச் சத்தம். பக்கிரிசாமி அண்ணன் கதவைத் திறந்தார். கௌசலாவோ குழந்தையோ இல்லை, ஒரு கிழவர். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அண்ணன் பையைப் பிரித்துவிட்டார்.

"என்னா இது? மாட்டுத் தழயும் கெழங்கும்? என் கத்தரிக்காய் எங்க? கேத்தரின், எனக்குப் போயி பைய மாத்திட்டியே!"

அவன் அண்ணனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ஆன்டி தப்பு செய்ய மாட்டாங்களே" என்றான் மெதுவாக.

அவனை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கத்தான் கேத்தரின் மறுபடி அவன் வேனிலேயே ஏறினாள். பாசாரில் இறக்கிவிட்டு, தானும் இறங்கி, குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சட்டை முழுக்க நனைந்ததாம்.

"கௌசலாவுக்குக் கை சரியாயிடுச்சா ஆன்டி?" என்று கேட்டான்.

பிறகு குடையைக் கேத்தரின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அந்தக் குடையை நான்தான் குப்பையில் போட்டேன்.

போலீசில் சொன்னோம். கௌசலா தன் பழைய வைத்தியச் சீட்டுகளைக் காட்டினாள், அவளை நெருங்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு வந்தது. அவன் முழுப் பெயர் ஜெயகாந்தன் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். உத்தரவு அவளை நெருங்குவதைத்தான் தடுக்கும், பாசாருக்கு வந்து கீரை வாங்குவதைத் தடுக்காது. கண் கட்டோடு கிரிகரி தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். பிரிக்பீல்ட்ஸில் சாப்பாடு கொடுக்கிற ஓர் இடத்தில் காய் நறுக்கியிருக்கிறான், அங்கே அவன் பெயர் ஜெயன். பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் நின்றிருக்கிறான். எல்லா இடத்திலும் அவனைத் தங்கமான பையன் என்றார்கள்.

கௌசலா வேறிடம் போய்விட்டாள். எங்கே என்று நான் சொல்லப் போவதில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், இன்னும் அந்தப் பையை நம்பித்தான் இருக்கிறாள். பையை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டேன். "நிறுத்தினா அவ புதுசா எங்கயாவது வரிசையில போய் நிப்பா. அங்க அவன் காய் நறுக்கிட்டு இருப்பான்" என்றாள் கேத்தரின்.

அன்றைக்கு அவள் பை கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லாப் பையிலும் ஒரு கட்டு வல்லாரை. எல்லாப் பையிலும் ஒரு துண்டு இராசவள்ளி. எந்தப் பையிலும் கத்தரிக்காய் இல்லை. சர்க்கரை நோய்க்கார அம்மாவின் பையில் கிழங்கை வைக்கும்போது அவள் கை தயங்கியது. வைத்தாள். "அவங்ககிட்ட நானே போன்ல சொல்லிடறேன், சாப்பிடாதீங்கனு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பையை எடுத்தாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சனங்கள் திட்டுகிறார்கள். இந்தத் தழையை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பக்கிரிசாமி அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டோம். அவர் என் கடை முன்னால் நின்று, "கத்தரிக்காய் இல்லாத பைக்கு இந்த விலையா?" என்று முன்னைவிடச் சத்தமாகப் பேரம் பேசிவிட்டு, பையை வாங்கிப் போகிறார். வீட்டில் வல்லாரையைத் துவையல் அரைத்துப் பழகிவிட்டாராம்.

அவன் சனிக்கிழமை தவறாமல் வருகிறான். வெள்ளைச் சட்டை, திருநீறு. யாரிடமும் வம்பு இல்லை. என் கடையில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்குவான், நான் கொடுப்பேன், கொடுக்காமல் இருக்க முடியாது. பிறகு ஓரமாக நின்று, போகிற பைகளைப் பார்ப்பான்.

போன வாரம் என் மேசைக்குக் கிட்ட வந்தான். அடியில் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தான். எல்லாவற்றிலும் மேலே வல்லாரை நீட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே அக்கா" என்றான்.

"ஆமா. இப்ப எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கிரிகரி வந்தார். குனிந்து ஒரு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வழியில் அவன் நின்றிருந்தான். அறுவை செய்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிரிகரி, "கொஞ்சம் தள்ளுங்க boss" என்றார். அவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். கௌசலாவின் பை அவன் கையை உரசிக்கொண்டு போனது.